நோபோக் தீவு மறியலில் ஒரு பள்ளிக்கூடம்

புத்தாண்டு மலருக்கு மறியற் கதையா என்று சிலர் முகம் சுழிக்கக்கூடும். மருத்துநீர், கைவிசேடம், போர்த்தேங்காய் என்று எழுத எத்தனையோ இருக்க, நல்லநாளில் இது என்ன கதை என்று கேட்பார்கள். ஆனால் வாசகர்களே, மறியல் என்ற சொல் எங்களுக்குப் புதிதா? 1983ஆம் ஆண்டு யூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதை மறக்க முடியாத சனம் நாங்கள். பூசா, களுத்துறை, நாலாம் மாடி என்று சொன்னாலே வயது போனவர்களுக்கு வயிறு கலங்கும். விளக்கமறியல் என்றால் என்ன என்று எவரும் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த மறியலைப் பற்றி நாங்கள் தலை நிமிர்ந்து கதைப்போம். அது அநியாயம், அது அரசியல். ஆனால் இந்த நாட்டில் எங்கட பெடியன் ஒருவன் போதைப்பொருளுக்கோ அடிதடிக்கோ களவுக்கோ உள்ளே போய்விட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவன் வெளியே வந்தாலும் கலியாண வீட்டுக்கு அழைப்பில்லை, வேலைக்குச் சிபாரிசு இல்லை. அவன் மறுபடியும் பழைய சிநேகிதர்களிடம் போனால் "பாத்தியளே, நான் அப்பவே சொன்னனான்" என்போம்.

அவுஸ்திரேலியாவில் மறியலிலிருந்து விடுதலையாகிறவர்களில் பத்துப் பேருக்கு நாலு பேருக்கு மேல் இரண்டு வருஷத்துக்குள் திரும்பவும் உள்ளே வந்துவிடுகிறார்கள். ஒருவரை ஒரு வருஷம் உள்ளே வைத்திருக்க அரசாங்கத்துக்கு ஒரு இலட்சம் டொலருக்கு மேல் செலவு. இவ்வளவு செலவழித்தும் ஏன் திரும்பி வருகிறார்கள், வராமல் இருக்க என்ன செய்யலாம் என்ற கேள்வி இந்த மண்ணில் மிகப் பழையது. 1788இல் வெள்ளைக்காரர் இங்கே வந்து இறங்கியதே கைதிகளைக் கொண்டுவந்து கொட்டத்தானே. அந்தக் கேள்விக்கு நூற்றெண்பது வருஷங்களுக்கு முன்னரே ஒரு மனிதர் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நகரத்து ஸ்ரேற் லைப்ரரியில், விக்ரோறியா உயர் நீதிமன்றத்து நீதியரசராக இருந்த ஜோன் வின்சன்ட் பரி எழுதி 1958இல் வெளிவந்த ஒரு நூல் மூலமாகத்தான் நான் அவரை அறிந்துகொண்டேன். லைப்ரரியிலிருந்து ஒரு நடை நடந்தால் நெட் கெல்லியைத் தூக்கிலிட்ட பழைய மெல்பேண் மறியல் வந்துவிடும்.

அவர் பெயர் அலெக்சாண்டர் மக்கோனொச்சி. 1787இல் எடின்பரோவில் பிறந்தவர், கடற்படை அதிகாரி. 1811ஆம் ஆண்டு முடிவில் அவருடைய கப்பல் பிடிபட, பிரெஞ்சுக்காரரிடம் போர்க்கைதியாகி 1814 வரை வேர்டன் நகரில் இருந்தார். பின்னர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் முதலாவது புவியியற் பேராசிரியர். 1837இல் ரஸ்மேனியாவுக்கு (அப்போது அதற்கு வான் டீமன்ஸ் லாண்ட் என்று பெயர்) ஆளுநர் சேர் ஜோன் பிராங்ளினின் அந்தரங்கச் செயலாளராக வந்தார். வந்த இடத்தில் கைதிகள் நடத்தப்படும் முறையை மிகக் கடுமையாகக் கண்டித்து ஓர் அறிக்கை எழுதினார். அது லண்டனில் வெளியானதும் வேலை போயிற்று. மறியல் அதிகாரிகளில் தானே கைதியாக இருந்தவர் எத்தனை பேர்? உள்ளே இருப்பவனுக்கு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மற்ற அதிகாரிகளுக்கும் அவருக்கும் இருந்த பெரிய வித்தியாசம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1840 மார்ச்சில் அவரை நோபோக் தீவுக்குப் பொறுப்பாக அனுப்பினார்கள். சிட்னியிலிருந்து 1,600 கிலோமீற்றருக்கு மேல் கிழக்கே, நடுக்கடலில், எங்கட நெடுந்தீவிலும் சிறிய தீவு அது. இந்த நாட்டுக்கு வந்த பின்னரும் குற்றம் செய்தவர்களை அங்கே அனுப்புவது வழக்கம். 1834இல் அங்கே ஒரு கலகம் நடந்து 13 பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களுக்கு ஆறுதல் சொல்லப் போன உலத்தோண் என்ற கத்தோலிக்கக் குருவானவர் எழுதி வைத்திருப்பது: மன்னிப்புக் கிடைத்தது என்று கேட்டவர்கள் அழுதார்களாம், சாவு உறுதி என்று கேட்டவர்கள் முழந்தாளிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னார்களாம். அந்தத் தீவில் உயிரோடு இருப்பது அப்படியான தண்டனையாக இருந்தது. (பிற்காலத்தில் பழைய ஏடுகளைத் தோண்டிய ஆய்வாளர்கள், அங்கே இருந்தவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர், பெரும்பாலும் களவுக் குற்றவாளிகள்தான் என்று காட்டியிருக்கிறார்கள். பயங்கரக் கதை சொன்னால்தானே பயங்கரத் தண்டனைக்கு நியாயம் கிடைக்கும்.)

மக்கோனொச்சி போனதும் தூக்குமரத்தைக் கழற்றினார். காலமெல்லாம் சாட்டையடி வாங்கின ஆட்களுக்கு முன்னால் ஒரு கணக்குப் புத்தகத்தை வைத்தார். அவருடைய முறைக்குப் "புள்ளி முறை" என்று பெயர். இத்தனை வருஷம் என்று தண்டனையை அளக்காமல் இத்தனை புள்ளி என்று அளந்தார். ஏழு வருஷத் தண்டனைக்கு 6,000 புள்ளி, பத்து வருஷத்துக்கு 7,000, ஆயுள் தண்டனைக்கு 8,000. உழைத்தால் புள்ளி, ஒழுங்காக நடந்தால் புள்ளி, படித்தால் புள்ளி. குழப்படி செய்தால் அடியில்லை, புள்ளி குறையும். விரும்பினால் புள்ளியைக் கொடுத்து நல்ல சாப்பாடும் வாங்கலாம், ஆனால் வீட்டுக்குப் போகும் நாள் தள்ளிப்போகும். அதாவது கைதி தன்னுடைய விடுதலையைத் தானே சேமித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆறு ஆறு பேராகக் குழுக்கள் சேர்த்தார். ஒருவன் பிழை விட்டால் ஆறு பேருக்கும் நட்டம். சீட்டுப் பிடித்த அனுபவம் உள்ள எங்கட தாய்மாருக்கு இதன் சூட்சுமம் உடனே விளங்கும்.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். அவர் பள்ளிக்கூடங்கள் அமைத்தார், புத்தகம் பங்கிட்டார், முயற்சியோடு படித்தவர்களுக்குப் பரிசு கொடுத்தார். மத குருமாருக்கு உதவியாக வேத பாடம் சொல்லிக்கொடுப்போரைச் சேர்த்தார். இரண்டு தேவாலயங்கள் கட்டினார், ஒன்று புரட்டஸ்தாந்தருக்கு, ஒன்று கத்தோலிக்கருக்கு. யூதருக்கும் வழிபட இடம் ஒதுக்கினார். லைப்ரரிக்கு அவர் தெரிவு செய்த நூல்களைப் பார்த்தால் ஆளைத் தெரியும். கலைக்களஞ்சியம், பயிர்ச்செய்கையும் தொழிலும் பற்றிய சஞ்சிகைகள், கப்ரன் குக்கின் பயணங்கள், ரொபின்சன் குரூசோ. தீவில் அகப்பட்டவனுக்குத் தீவில் அகப்பட்டவனின் கதை! வாத்தியங்கள் தருவித்து வாத்தியக் குழுவும் அமைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத் தோட்டம் கொடுத்தார். இறந்த கைதிக்குக் கல்லறையில் பெயர் பொறிக்கவும் அனுமதித்தார்.

அந்த வருஷம் மே 25ஆம் திகதி, விக்ரோறியா மகாராணியின் பிறந்தநாள் கொண்டாட்டம். மக்கோனொச்சி மறியற் கதவுகளைத் திறந்துவிட்டு, சுமார் 1,800 கைதிகளையும் அன்று முழுவதும் தீவில் சுதந்திரமாக உலாவ விட்டார். விசேஷ சாப்பாடு, எலுமிச்சஞ்சாறு கலந்த சிறிதளவு றம், கைதிகளே நடித்த நாடகம், இரவில் வாணவேடிக்கை. மாலையில் ஊதுகுழல் ஊதியதும் எல்லாரும் திரும்பி வந்தார்கள். ஒரு அசம்பாவிதமும் இல்லை. சிட்னிப் பத்திரிகைகள் சிரிசிரியென்று சிரித்தன. ஆளுநர் கிப்ஸுக்குக் கோபம் தலைக்கேறியது.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. அவரைப் பாராட்டி எழுதுகிறவர்கள் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மக்கோனொச்சி புள்ளி கொடுக்கலாம், புத்தகம் கொடுக்கலாம், ஆனால் தீவின் கதவு அவருடைய கையில் இல்லை. தீவில் முன்பே இருந்த பழைய கைதிகளை, அவர்கள் சுமார் 1,200 பேர், புள்ளி முறையில் சேர்க்கவே கூடாது, இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த 600 பேருக்கு மட்டும் செய்து பாரும் என்பதுதான் கிப்ஸின் கட்டளை. மக்கோனொச்சி கேளாமல் எல்லாரையும் சேர்த்துவிட்டார். ஆறாயிரம் புள்ளி சேர்த்தாய், வீட்டுக்குப் போ என்று பழைய கைதிக்குச் சொல்லும் அதிகாரம் அவருக்குத் தரப்படவில்லை. வாக்குக் கொடுத்தவர் ஒருவர், கதவைத் திறக்க வேண்டியவர் வேறொருவர். மறியலில் கல்வி என்று எங்கே கதை எடுத்தாலும் இந்த முடிச்சு வந்து நிற்கிறது. படித்ததைக் கணக்கில் எடுக்க வெளியே ஆளில்லாவிட்டால் அந்தப் படிப்பு உள்ளே பொழுதுபோக மட்டும்தான்.

1843 மார்ச்சில் கிப்ஸ் முன்னறிவித்தல் இல்லாமல் தீவுக்குப் போய் இறங்கினார். பார்த்தவர் வியந்தார். ஒழுங்கு இருந்தது, அமைதி இருந்தது. நல்ல அறிக்கை எழுதினார். ஆனால் அது லண்டன் போய்ச் சேருமுன், ஏப்ரலிலேயே, மக்கோனொச்சியைத் திருப்பி அழைக்கும் கடிதத்தில் குடியேற்ற நாட்டு அமைச்சர் லோர்ட் ஸ்ரான்லி கையெழுத்திட்டுவிட்டார். கடிதங்கள் கப்பலில் போய்வந்த காலம். 1844 தொடக்கத்தில் மக்கோனொச்சி தீவை விட்டுப் போனார்.

அவர் பின்னர் காட்டிய கணக்கு இது: அவருடைய காலத்தில் தீவிலிருந்து சிட்னிக்கு விடப்பட்ட, இரண்டு தரம் தண்டனை பெற்ற 920 பேரில், 1845 தொடக்கம் வரை மீண்டும் தண்டிக்கப்பட்டவர்கள் 20 பேர். நூற்றுக்கு இரண்டு. அவருடைய சொந்தக் கணக்குத்தானே, ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இடைப்பட்ட காலமும் குறுகியது. அப்படிக் குறைத்து மதித்தாலும் அந்த எண் சின்ன எண்தான்.

அவருக்குப் பின் என்ன நடந்தது என்பதைப் பார்த்தால் அவர் அருமை தெரியும். அடுத்து வந்தவர் தோட்டங்களைப் பறித்தார். கைதிகள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே சமைக்க வைத்திருந்த சட்டி பானைகளையும் 1846இல் பறித்தார்கள். யூலை 1ஆம் திகதி கலகம் வெடித்து நாலு உத்தியோகத்தர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்ரோபர் 13ஆம் திகதி ஒரே நாளில் 12 பேரைத் தூக்கிலிட்டார்கள். தூக்குமரம் திரும்பவும் வந்துவிட்டது. அந்த வருஷமே தீவுக்குப் பொறுப்பாக வந்தவர் ஜோன் பிரைஸ். சங்கிலி, சாட்டை, வாய்க்கட்டு என்று 1853 வரை ஆண்டார். ஹோபார்ட் ஆயர் வில்சன் அதை நேரில் பார்த்துவிட்டு அரசாங்கத்துக்கு முறையிட்டார்.

அந்தப் பிரைஸைத்தான் 1854இல் எங்கட விக்ரோறியாவின் மறியல்களுக்கெல்லாம் தலைவராகப் போட்டார்கள். தங்கம் தோண்ட உலகமே மெல்பேணுக்கு ஓடி வந்த காலம். மறியலில் இடம் போதாமல் ஹொப்சன்ஸ் குடாவில் பழைய கப்பல்களை நங்கூரமிட்டு அவற்றுக்குள் கைதிகளை அடைத்தார்கள். பகலில் அவர்களை வில்லியம்ஸ்ரவுண் கரையில் கல் உடைக்க விடுவார்கள். 1857 மார்ச் 26ஆம் திகதி, சாப்பாட்டைப் பற்றிய முறைப்பாடு கேட்கப் போன பிரைஸைக் கைதிகள் சூழ்ந்து அடித்தார்கள். மறுநாள் அவர் இறந்தார். 15 பேருக்கு வழக்கு, ஏழு பேருக்குத் தூக்கு. கிளென் வேவர்லியில் றெயில் ஏறி, பிளிண்டர்ஸ் ஸ்ரீற்றில் மாறி, வில்லியம்ஸ்ரவுணில் இறங்கினால் கோடை நாளில் ஐஸ்கிறீம் சாப்பிடும் சனங்கள் நிறைந்த கரை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்தக் கதையையும் சொல்லலாம்.

நெட் கெல்லியும் அந்தக் கரையில் கல் அடுக்கியவர்தான். களவுக் குதிரையை வாங்கி வைத்திருந்தான் என்று 1871இல் மூன்று வருஷம். பீச்வேர்த், பென்றிட்ஜ், பிறகு வில்லியம்ஸ்ரவுண் கப்பல். கல் வேலை பழகினான். 1874இல் வெளியே வந்து ஏறக்குறைய மூன்று வருஷம் மரம் அரியும் ஆலைகளில் ஒழுங்காக வேலை செய்தான். அதன் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும், 1880 நவம்பர் 11. அவனை வீரன் என்போரும் உண்டு, கொலைகாரன் என்போரும் உண்டு, அந்த விவாதத்துக்கு நான் வரவில்லை. கையில் தொழில் இருந்தது, மூன்று வருஷம் தாக்குப் பிடித்தான், பொலிஸுக்கும் அவன் குடும்பத்துக்கும் இடையில் இருந்த பகை மட்டும் மாறவில்லை என்பதைத்தான் குறிக்க விரும்புகிறேன்.

மக்கோனொச்சி இங்கிலாந்தில் 1849இல் பேர்மிங்ஹாம் மறியலுக்குப் பொறுப்பானார், 1851இல் அங்கிருந்தும் நீக்கப்பட்டார். 1860இல் இறந்தார். ஆனால் அவருடைய யோசனையை அயர்லாந்தில் வால்ரர் குரொப்ரன் எடுத்து நடைமுறைப்படுத்தினார். இன்று "பரோல்" என்கிறோமே, அதன் வேர்களில் ஒன்று இந்த நோபோக் தீவுப் புள்ளிதான். இங்கே விக்ரோறியாவில் 1957இல் பரோல் சபை தொடங்கியபோது அதற்கு முதல் தலைவர் யார் தெரியுமா? மேலே சொன்ன நீதியரசர் பரி.

2008இல் கன்பராவில் ஒரு புதிய மறியலைத் திறந்து அதற்கு அலெக்சாண்டர் மக்கோனொச்சி நிலையம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் பெரிய பெயர். 2015இல் அந்தப் பிரதேசத்துக் கணக்காய்வாளர் நாயகம் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கையில், கைதிகளுக்குச் செய்ய உருப்படியான வேலை போதாது, சும்மா இருந்து அலுத்துப்போகிறார்கள் என்று குறை சொன்னார்.

இந்தக் காலத்தில் இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் பல வருஷத்து ஆய்வுகளைத் திரட்டி 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உள்ளே படித்தவர்கள் திரும்பி வரும் வீதம் படியாதவர்களை விட நூற்றுக்கு 13 குறைவு. படிப்புக்குச் செலவிடும் ஒரு டொலருக்கு, அடுத்த மூன்று வருஷ மறியற் செலவில் நாலைந்து டொலர் மிச்சம். திருந்த நினைக்கிறவன்தானே முதலில் வகுப்புக்குப் போவான், ஆகவே இது படிப்பின் பலனா மனதின் பலனா என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்த ஆய்வாளர்களும் அதை யோசித்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இருந்தும் அதே அமெரிக்கா 1994இல் கைதிகளுக்குப் பல்கலைக்கழகப் படிப்புக்கான உதவிப் பணத்தை நிறுத்தி, 2023இல்தான் முழுமையாகத் திருப்பிக் கொடுத்தது. ஏறக்குறைய முப்பது வருஷம்! குற்றவாளிக்கு எங்கட வரிப்பணமா என்ற கூச்சல் எந்த நாட்டிலும் எடுபடும்.

மெல்பேணில் 2012 முதல் பார்க்வில் இளையோர் தடுப்பு நிலையத்துக்குள் பார்க்வில் கொலிஜ் என்று ஒரு முறையான பள்ளிக்கூடம் வந்தது. 2017இல் ரேவன்ஹோலில் திறந்த மறியலில் இன்னொரு புதுமை: நடத்துகிற கொம்பனி, விடுதலையானவர்கள் திரும்பி வருவதைக் குறைத்துக் காட்டினால் அதற்கு மேலதிகக் கொடுப்பனவு என்று அரசாங்கம் ஒப்பந்தம் போட்டது. மக்கோனொச்சி கைதிக்குப் புள்ளி கொடுத்தார், இப்போது கொம்பனிக்குப் புள்ளி கொடுக்கிறார்கள்.

தமிழர் மத்தியில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் பேரறிவாளன். 1991 யூனில் கைதானபோது வயது 19. உள்ளேயே பட்டம், அதற்கு மேல் முதுகலைப் பட்டம் என்று கணினிப் படிப்பை முடித்தார். 2012இல் தமிழ்நாட்டின் பிளஸ் ரூ பரீட்சையில் கைதிகளுக்குள் முதலாவதாக வந்தார். 2022 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியபோது உள்ளே பெற்ற கல்வித் தகைமைகளையும் நன்னடத்தையையும் கணக்கில் எடுத்தது. மே 18ஆம் திகதி விடுதலை. அந்த வழக்கின் சரி பிழையை இங்கே பேசவில்லை. 31 வருஷத்தின் முடிவில் படித்தது கணக்கில் வந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

இனி எங்கட வீட்டு விஷயம். எங்களிற் பலர் அகதியாக வந்து நிரந்தர விசா எடுத்தும் குடியுரிமை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். "எடுப்பம், எடுப்பம்" என்று வருஷங்கள் போய்விடுகின்றன. 2014 டிசம்பரில் குடிவரவுச் சட்டத்தின் 501ஆம் பிரிவை மாற்றினார்கள். பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்று மறியலில் இருக்கும், குடியுரிமை இல்லாத ஒருவரின் விசா தானாகவே இரத்தாகும். மேன்முறையீடு செய்யலாம், ஆனால் குறிப்பிட்ட நாட்களுக்குள் செய்ய வேண்டும். அதன்படி, உள்ளே இருந்து படித்துச் சான்றிதழ் எடுத்தவனையும், தண்டனை முடியும் நாளில் வீட்டுக்கு விடாமல் குடிவரவுத் தடுப்புக்குக் கொண்டுபோகலாம். ஊருக்கு அனுப்பவும் முடியாது, வெளியே விடவும் மாட்டோம் என்று ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தவர்களும் உண்டு. திருப்பி அனுப்ப வழியே இல்லாத ஒருவரை அப்படிக் காலவரையறையின்றி வைத்திருப்பது சட்டவிரோதம் என்று 2023 நவம்பர் 8ஆம் திகதி கன்பரா மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 501ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. ஆகவே குடியுரிமைப் படிவம் அலுமாரிக்குள் கிடக்கிறவர்கள் இந்தச் சித்திரையிலாவது எடுத்து நிரப்புங்கோ. சங்கத்தில் உதவி செய்ய ஆட்கள் இருக்கினம்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறா. எங்கே, யார் என்று எழுதப்போவதில்லை. மகன் உள்ளே. கேட்பவர்களுக்கு "சிட்னியில வேலை" என்று சொல்லுவா. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பஸ்ஸும் றெயிலும் மாறி அவனைப் பார்க்கப் போவா. அவன் உள்ளே சமையற் தொழிற் படிப்பு முடித்துச் சான்றிதழ் எடுத்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக ஒரு கொப்பி வைத்திருக்காதவன், இப்போது பாடக் கொப்பியை அம்மாவுக்குக் காட்டுகிறானாம். அவனுக்குக் குடியுரிமை உண்டு, அந்த மட்டில் புண்ணியம். வருகிற ஆவணியில் விடுதலை. வேலை ஒன்று இருக்கிறது என்று கடிதம் காட்டினால் பரோல் கொடுப்பவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் எங்கட ஆட்கள் இரண்டு பேரிடம் போய்க் கேட்டேன். ஒருவர், வீட்டில் மனிசியோடு கதைத்துவிட்டுச் சொல்லுறன் என்றார், இன்னும் சொல்லவில்லை. மற்றவர் வடைக்கு மா குழைத்துக்கொண்டே, "கடிதம் எப்பிடி எழுதோணும் எண்டு எழுதித் தாங்கோ அண்ணை, நான் கையெழுத்து வைக்கிறன். வந்தோன்ன வெங்காயம் உரிக்கிறதில துடங்கட்டும்" என்றார்.